மெதுவான, கனத்த ரிஃப் கைக்கு வராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பர்மிங்காம் நகரத்துக் குழுவான பிளாக் சப்பாத்தின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. குழுவின் பெயரையே தாங்கிய அதன் முதல் பாடலில், மழைச் சத்தத்துக்கும் தேவாலய மணிக்கும் பிறகு டோனி அயோமியின் கிட்டார் எழுப்பும் ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரில்) இருப்பவை மூன்றே சுரங்கள்தாம்: ஜி, அதற்கு ஓர் ஆக்டேவ் மேலுள்ள ஜி, பிறகு சி ஷார்ப். கிட்டார் பிடிக்கத் தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் அந்த இடங்களைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் வீட்டில் வாசித்துப் பார்க்கும்போது இசைத்தட்டில் கேட்ட பாரம் வருவதில்லை. உடனே ஒலியை மாற்றும் புதிய பெடல் வாங்க வேண்டும் என்று மனம் அலைபாயத் தொடங்குகிறது. பல வருடங்கள் இந்த ஒரே ரிஃப்பை வாசித்தும், மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்தும் நான் கண்ட வரை, குறை பெரும்பாலும் விரலிலோ தந்தியிலோதான் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் கையையும், அடுத்துத் தந்தியையும், கடைசியாகவே ஆம்பையும் (ஒலிபெருக்கியையும்) சோதிக்கும்படி எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் கிட்டாரை வழக்கமான ஈ டியூனிங்கில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த முதல் இசைத்தட்டுக்குத் தந்தியை இறக்க வேண்டியதில்லை. ஆறாம் (மிகத் தடித்த) தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாம் தந்தியின் 5-இல் மோதிர விரல், நான்காம் தந்தியின் 5-இல் சுண்டுவிரல். இது ஜி பவர் கார்டு; அதாவது ஜியோடு அதன் பஞ்சமமான டியையும் மேல் ஜியையும் சேர்த்து மீட்டுவது. அடுத்து நான்காம் தந்தியை மட்டும் தனியே மீட்டினால் மேல் ஜி கிடைக்கும். அதன் பின் ஐந்தாம் தந்தியின் 4-ஆம் ஃபிரெட்டில் நடுவிரலை வைத்தால் சி ஷார்ப். அந்தக் கடைசிச் சுரத்தின் மேல் மோதிர விரலால் 5-ஆம் ஃபிரெட்டைத் தட்டித் தட்டி எடுப்பது ட்ரில். 10-ஆம் ஃபிரெட் பக்கத்திலும் இதே சுரங்களை ஓர் ஆக்டேவ் மேலே எடுக்கலாம் என்றாலும், கற்றுக்கொள்ளும்போது கை நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் இந்த அமைப்பே நல்லது.

அறிகுறி: சுரங்கள் சரிதான், ஆனால் ரிஃப் இருட்டாக ஒலிக்கவில்லை

முதலில் மூன்றாவது சுரத்தைச் சரிபாருங்கள். நடுவிரல் ஒரு ஃபிரெட் பின்தங்கி 3-இல் விழுந்தால் சி ஒலிக்கும். அந்த ஒரு ஃபிரெட்டில் ரிஃப்பின் குணமே மாறிவிடும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதைச் சொல்வது எளிது. ஜி என்பது ஐந்து கட்டை. அதைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், சி சுத்த மத்தியமம், சி ஷார்ப் பிரதி மத்தியமம். இந்த ரிஃப் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு எழுந்து, அங்கிருந்து பிரதி மத்தியமத்தில் இறங்கி நிற்கிறது. ட்ரில் அந்த மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே அலைகிறது. பஞ்சமத்தை எட்டித் தொட்டும் அதில் உட்காராமல் ஒவ்வொரு முறையும் பின்வாங்குவதால்தான் கேட்பவருக்கு அமைதி கிடைப்பதில்லை. கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சுருதிப் பெட்டியையோ செயலியையோ ஐந்து கட்டையில் ஓடவிட்டு, இந்த மூன்றையும் வாயால் பாடிப் பாருங்கள். பாட வராத இடைவெளியை விரல் மட்டும் சரியாகப் பிடித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுரம் சரியாக இருந்தும் நிறம் வரவில்லை என்றால், விரல் ஃபிரெட் கம்பியை ஒட்டி இருக்கிறதா, அல்லது தந்தியை மிகையாக அழுத்துகிறதா என்று பாருங்கள். ஜம்போ ஃபிரெட் உள்ள கிட்டாரில் அழுத்தம் கூடினாலே சுருதி ஏறிவிடும்.

அறிகுறி: பாடலோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்கிறேன்

இந்த வகை ரிஃப்பின் மிகப் பெரிய சிக்கல் இதுதான். வேகமான ரிஃப்பில் ஒளிந்துகொள்ளக்கூடிய காலப் பிழை அனைத்தும் மெதுவான ரிஃப்பில் அப்பட்டமாகத் தெரியும். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே முழுதாக ஒரு வினாடி இருக்கிறது. அந்த ஒரு வினாடியை மனம் வெறுமையாக விட்டால் கை அதைச் சுருக்கிவிடும்.

உங்கள் வலக்கையைக் கவனியுங்கள். ஒரு சுரத்தை மீட்டியதும் பிக் உடனே மேலே ஏறி, அடுத்த தந்தியின் மேல் அந்தரத்தில் நிற்கிறதா? அப்படித் தூக்கி வைத்த கை காத்திருக்காது. அரை வினாடி தாங்கிவிட்டு, நேரம் வருமுன்னே விழுந்துவிடும். மாற்று வழி, கையை நிற்கவிடாமல் வைத்திருப்பது: சுரம் நீளும் காலமெல்லாம் மணிக்கட்டு, தந்தியைத் தொடாமல், எட்டில் ஒரு பங்கு அளவுகளில் (தட்டுக்கு இரண்டு அசைவு) மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கட்டும். அடுத்த சுரம் அந்த ஆட்டத்தின் ஒரு கீழிறக்கத்தில் தானாக வந்து விழும். நாகஸ்வரக்காரர் நீண்ட கார்வை பிடிக்கும்போதும் பக்கத்தில் தாளம் போடுபவரின் கை நிற்பதில்லை அல்லவா? அதே வேலையை இங்கே உங்கள் மணிக்கட்டே செய்ய வேண்டும்.

மெட்ரோனோமை முதலில் 120-இல் வைத்து, இரண்டு தட்டை ஒன்றாக எண்ணி வாசியுங்கள். அது நிலைத்ததும் 60. அதுவும் நிலைத்ததும் 30. முப்பதில் இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் ஒலி வரும்; இடையில் இருப்பது முழுவதும் உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வாசிக்கும்போது சரி என்று தோன்றியது, கேட்கும்போது அவசரமாக இருப்பது அநேகமாக எல்லோருக்கும் நிகழும். எந்தச் சுரத்தில் முந்துகிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சுரம் மற்ற இரண்டையும் விட நீண்டு நிற்பதால், பெரும்பாலும் அதன் வாலில்தான் பொறுமை அறுகிறது.

அறிகுறி: ட்ரில் சீராக இல்லை, அல்லது ஒலியே எழவில்லை

மோதிர விரலை எவ்வளவு உயரத்திலிருந்து இறக்குகிறீர்கள் என்று பாருங்கள். தந்திக்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குள் விரல் இருந்தால் போதும். விரலை எடுக்கும்போது நேரே மேலே தூக்காமல், தந்தியைச் சற்றே கீழ்நோக்கிச் சுண்டி விட வேண்டும். இல்லாவிட்டால் சி ஷார்ப் ஒவ்வொரு சுற்றிலும் மங்கிக்கொண்டே போகும். நடுவிரல் கடைசி வரை அழுத்தத்தை விடக் கூடாது. ட்ரில்லின் வேகம் கூடக் கூடச் சிறப்பு என்று எண்ணவும் வேண்டாம். தொடக்கத்தில் ஒரு தட்டுக்கு நான்கு முறை என்று அளந்து வாசித்து, அது பழகிய பின் அளவை விட்டுவிடலாம்.

விரல் நுனி வலித்தால் ஒரு தகவல் உங்களுக்குத் துணையாக இருக்கும். இடக்கைப் பழக்கமுள்ள அயோமிக்கு ஃபிரெட் பிடிக்கும் கை வலக்கை. பதினேழு வயதில் தகட்டு உலோகத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் அந்தக் கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் அவர் இழந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன் மேல் தோல் ஒட்டி, தடிமன் குறைந்த தந்திகளைத் தேடி மாட்டி வாசித்தார். மேலே நான் சொன்ன ட்ரில்லில் உழைப்பவையும் அதே இரண்டு விரல்கள்தாம். கனத்த ஒலிக்குக் கனத்த தந்தி கட்டாயம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள். ஈ டியூனிங்கில் 9–42 என்ற மெல்லிய அளவுத் தந்தியிலேயே இந்த ரிஃப் முழு உடம்போடு ஒலிக்கும்.

அறிகுறி: டிஸ்டார்ஷன் போட்டதும் எல்லாம் சேறாகக் கலங்குகிறது

டிஸ்டார்ஷன் என்பது ஒலியை வேண்டுமென்றே உடைத்துக் கரகரப்பாக்குவது; எவ்வளவு உடைய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் திருகு கெயின். கெயினைத் தொடுமுன் முதல் சுரம் மூன்றாவது சுரத்துக்குள் கசிகிறதா என்று சோதியுங்கள். ஏன் என்பதை எண்களில் சொல்லலாம். ஆறாம் தந்தியின் ஜி 98 ஹெர்ட்ஸ். பவர் கார்டில் அதனோடு சேரும் டி ஏறத்தாழ 147. இரு சுரங்கள் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் போகும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும். 147-இல் 98 போனால் 49, அதுவும் ஜிதான், ஓர் ஆக்டேவ் கீழே. பவர் கார்டு டிஸ்டார்ஷனில் அவ்வளவு தடிமனாக ஒலிப்பதற்கு இந்த இலவசமான கீழ் ஜி ஒரு காரணம். ஆனால் ஜியும் சி ஷார்ப்பும் ஒன்றாக ஒலித்தால், 138.6-இல் 98 போக மீதி 40.6. அது இரண்டு சுரங்களோடும் ஒட்டாத ஓர் உறுமல். இந்த ரிஃப்பில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை. ஒன்றாகக் கலந்தால் சேறு.

ஆகவே மேல் ஜிக்குப் போகும் அந்தக் கணத்தில் கீழ் ஜியை நிறுத்த வேண்டும். ஆள்காட்டி விரலின் அழுத்தத்தை மட்டும் விட்டு, விரலை ஆறாம் தந்தியின் மேலேயே படுக்க வையுங்கள். வலக்கையின் உள்ளங்கை ஓரம் அதே தந்தியைப் பிரிட்ஜ் பக்கம் மெல்லத் தொடட்டும். சோதனை எளிது: ஆம்பை அணைத்துவிட்டு, அமைதியான அறையில் ரிஃப்பை வாசித்து, மூன்றாவது சுரத்தை மீட்டியதும் ஐந்தாம் தந்தியைத் தொட்டு நிறுத்துங்கள். அதன் பிறகும் ஏதாவது ஒலித்தால் அதுதான் கசிவு.

கை சுத்தமாக இருந்தும் கலங்கினால், இப்போது ஆம்புக்கு வரலாம். நான் தொடங்கும் நிலை இது: கெயின் பன்னிரண்டு மணி நிலையில், பேஸ் பத்து மணியில், மிடில் இரண்டு மணியில், ட்ரெபிள் ஒரு மணியில். மிடிலை முற்றிலும் குறைத்துப் பேஸை ஏற்றும் பழக்கம் தனியறையில் இனிமையாகத் தோன்றும். டிரம்மும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். இசைத்தட்டில் நாம் கிட்டாரின் கனம் என்று நினைத்துக் கேட்பதில் பெரும்பங்கு, அதே சுரங்களை அடியில் தாங்கி நிற்கும் கீசர் பட்லரின் பேஸ் கிட்டார் தருவது. அந்தப் பங்கையும் கிட்டார் ஆம்பே தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் ஆம்ப் மூச்சுத் திணறும்.

அறிகுறி: ட்ரெபிள் பூஸ்டர் வாங்கினேன், ஒலி மெலிந்துவிட்டது

அயோமி அந்தக் காலத்தில் கிப்சன் எஸ்ஜி கிட்டாருக்கும் லேனி ஆம்புக்கும் நடுவே டல்லாஸ் ரேஞ்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டரை வைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு இன்றைய நகல் ஒன்றை வாங்கி, தெளிவான ஒலியில் வைத்த ஆம்பில் இணைத்தால், காதைக் குத்தும் மெல்லிய ஒலிதான் கிடைக்கும். அந்தப் பெட்டி தனியாக டிஸ்டார்ஷன் தரச் செய்யப்பட்டதன்று. ஏற்கெனவே உடையத் தொடங்கிய வால்வு ஆம்பை இன்னும் ஓங்கித் தள்ளுவதும், தள்ளும்போது தாழ்ந்த அலைகளைக் குறைத்துவிட்டு மேலுள்ளவற்றை முன்னே அனுப்புவதும்தான் அதன் வேலை. ஆம்பைத் தானாகவே கரகரக்கும் அளவுக்கு முதலில் ஏற்றுங்கள். பிறகு பூஸ்டரை இயக்குங்கள். தாழ்ந்த அலைகள் குறைந்து உள்ளே போவதால் ஆம்ப் குழம்பாமல் உடைகிறது. உடைந்த பின் ஒலி தடிக்கிறது.

இணைப்பு வரிசையும் முக்கியம். பழைய அமைப்பின்படி கட்டிய பூஸ்டர், கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாக இணைந்தால்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும். இடையில் பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் சுற்று) உள்ள டியூனர் பெடலோ, ஒயர்லெஸ் கருவியோ இருந்தால் ஒலி கிறீச்சிடும்; அவற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ளதாயின் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. வெப்பம் ஏறினால் அந்த வகை டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் கூடி ஒலி மாறும், ஆகவே மாலையில் நன்றாக ஒலித்த பெடல் சித்திரை மாதத்து நண்பகலில் மொட்டை மாடி அறையில் கமறினால், பெடல் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். மேலும், பழைய முறைப்படி பாசிட்டிவ் பக்கம் தரையாக அமைந்த பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் கம்பியில் கோக்கக் கூடாது. மின்சாரம் குறுக்குப் பாயும். அதற்குத் தனி 9 வோல்ட் பேட்டரி கொடுப்பதே பாதுகாப்பு.

அறிகுறி: சுரம் நீளவில்லை, அடுத்த சுரம் வருமுன் செத்துவிடுகிறது

ஆம்பில் இணைக்காமல் மேல் ஜியை மீட்டி, எத்தனை வினாடி கேட்கிறது என்று எண்ணுங்கள். இணைக்காமலே சீக்கிரம் அடங்கினால் கெயின் அதை உயிர்ப்பிக்காது. தந்தி பழையதா என்று பார்க்க, அதன் அடிப்பக்கத்தை நகத்தால் வருடுங்கள். ஃபிரெட்டுக்கு நேரே சிறு பள்ளங்கள் தட்டுப்பட்டால், அல்லது தடித்த தந்தியின் சுற்றுகளுக்குள் கறுப்பு படிந்திருந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் இது மிக விரைவாக நேரும்.

தந்தி புதியதாக இருந்தும் ஒலி அலைபோல் நடுங்கி அடங்கினால், பிக்கப் தந்திக்கு மிக அருகில் இருக்கலாம். காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. ஆறாம் தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கும்படி பக்கவாட்டுத் திருகாணியைத் திருப்பி இறக்குங்கள். இடக்கையும் ஒன்று செய்யலாம்: சுரம் தொடங்கிய சிறிது நேரத்துக்குப் பிறகு, தாமதமாகவும் அகலமாகவும் ஒரு வைப்ராட்டோ கொடுத்தால், அடங்கும் சுரத்தின் மேல் காது தொடர்ந்து தங்கும்.

அறிகுறி: இடைவெளிகளில் இரைச்சல்

அயோமியின் எஸ்ஜியில் இருந்தது பி-90 வகைச் சிங்கிள் காயில் பிக்கப். அந்த வகைக்கு ஓரளவு இரைச்சல் இயல்பு. தந்தியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் தரை இணைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள். அறையில் உள்ள டியூப் லைட், ரெகுலேட்டர், சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, கிட்டாரோடு திசை மாறி உட்கார்ந்து பாருங்கள். தொட்டும் குறையவில்லையென்றால் கேபிளை மாற்றிச் சோதித்து, பிறகு ஜாக்கையும் பிரிட்ஜுக்குப் போகும் தரைக் கம்பியையும் பாருங்கள். ஒலி தாழ்ந்ததும் பாதையை மூடிவிடும் நாய்ஸ் கேட் போட்டால் சிக்கல் தீரும் என்றாலும், அளவு மீறினால் அது மூன்றாவது சுரத்தின் வாலையே வெட்டிவிடும். சுரம் முழுதாக அடங்கிய பின்னரே மூடும் அளவுக்குத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

தந்தியைத் தொடும்போது விரலில் சுரீரென்று மின்சாரம் தட்டினால் வாசிப்பை அங்கேயே நிறுத்துங்கள். ஆம்பின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வீட்டின் எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டும் வரை மீண்டும் தொடாதீர்கள். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்து இரண்டு முனை சாக்கெட்டில் செருகும் வழக்கத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

அறிகுறி: தந்தியை இறக்கினேன், சுருதி நிற்கவில்லை

முதல் இசைத்தட்டைத் தாண்டி 1971-இன் மூன்றாவது இசைத்தட்டுப் பாடல்களுக்குப் போனால், அங்கே அயோமி சில பாடல்களுக்குக் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கிச் சி ஷார்ப்பில் வைத்திருக்கிறார். தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறாம் தந்தி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 69.3-க்கு இறங்கும்போது இழுவிசையில் சுமார் 29 விழுக்காடு போய்விடுகிறது. தளர்ந்த தந்தியை வழக்கமான பலத்தில் அடித்தால் முதலில் சுருதி மேலே துள்ளி, பிறகு கீழே வந்து நிற்கும். டியூனரில் முள் அப்படித் துள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மென்மையாக மீட்டுவது முதல் மருந்து. அது உங்கள் கைக்கு ஒத்துவராவிட்டால் 11–54 அல்லது 12–56 அளவுத் தந்திக்கு மாறுங்கள். மாற்றியதும் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தாங்கி நிற்கும் பட்டையின்) பள்ளத்தில் தடித்த தந்தி சிக்குகிறதா என்று கவனியுங்கள். டியூன் செய்யும்போது டிக் என்ற ஒலியோடு சுருதி தாவினால் சிக்குகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்ப்பது தற்காலிகமாக உதவும். தீராவிட்டால் பள்ளத்தை அரமிட்டு அகலப்படுத்த வேண்டும், அதை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். கடைசியாக, 12-ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தையும் அதே இடத்து ஹார்மோனிக்கையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜ் சேடிலைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மீண்டும் டியூன் செய்து பாருங்கள்.

அறிகுறி: கணினியில் நேரடியாக இணைத்தால் தேனீக்கூடு போல இரைகிறது

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரும்பாலும் வெளியே விடாது. ஸ்பீக்கரைத் தவிர்த்து நேரே இன்டர்ஃபேஸில் இணைக்கும்போது டிஸ்டார்ஷனின் கூரிய மேற்பகுதி முழுவதும் அப்படியே காதில் விழுகிறது. செயலியில் கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். மல்டி எஃபெக்ட் பெட்டியைக் கிட்டார் ஆம்பில் இணைக்கும்போது அதே சிமுலேஷனை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஒலி மந்தமாகிவிடும்.